செருப்பைக் கழற்றும் காட்சி

ஐதராபாத்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு ஜெஸ்வின் எழுதுவது. உங்கள் முட்டிவலி இப்போது தேவலையா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறார்களா? நான் நலம். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வேலை செய்யும் படம் அந்தக்காலத்துக் கம்ப்யூட்டர் புரோகிராமர்களைப் பற்றியது என்று சொன்னேன் அல்லவா? அது சிரிப்புப் படம் என்பதைச் சொல்லவில்லை. சர்க்கரை ஆலையில் நீங்கள் கம்ப்யூட்டர் வேலை பார்த்த கதையைக் கேட்டபோது, "செருப்ப வெளிய வுட்டுட்டுதான்டா மிஷின் ரூமுக்குள்ள போவோம். புரோகிராம ஓட வுடறதுக்கு முன்னாடி சிலுவை போட்டுக்குவேன்" என்று எவ்வளவு ஆசையாகச் சொன்னீர்கள்! அதை அப்படியே காட்சியாக எழுதிக் கொடுத்தேன். பூசைக்கு நீங்கள் போட்டுப் போகும் நீல அரைக்கைச் சட்டையைக்கூட விடாமல் அந்தப் பாத்திரத்துக்குப் போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினோம். படத்தில் அந்த ஆள் சிலுவை போட்டதும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அப்பா. பக்கத்தில் இருந்தவர், "இப்படி ஒருத்தர் நெஜமா இருந்தாரா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, சும்மா கற்பனைதான்" என்றேன்.

திண்டிவனத்திலிருந்து யாராவது இந்தப் பக்கம் வந்தால் வறுத்த மல்லாட்டை கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். இங்கே கிடைக்கும் வேர்க்கடலை வாய்க்கு ஒட்டவில்லை.

அடுத்த மாதம் விழுப்புரத்தில் படத்தைக் காட்டுகிறோம். உங்களோடு வேலை பார்த்த சக்கரபாணி மாமாவையும் கூட்டிவருவதாகச் சொன்னீர்கள். வாருங்கள். எடிட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன்.

அந்த நீலச் சட்டையை மட்டும் அன்றைக்குப் போட்டுக்கொண்டு வராதீர்கள் அப்பா.

ஜெஸ்வின்