ஜமக்காளத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள்

என் செல்லச் சண்டைக்காரி விஜயாக்கா,

நீ படித்த அந்தத் தனியார் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தேன். பூந்தமல்லியில் அதே வெள்ளைக்காரன் காலத்து பங்களா. வாசலில், தகவல் தொடர்புக்கென்றே நடக்கும் கல்விக்கூடம் என்று பளபளவெனப் பலகை. நீ இறந்துபோன சேதியைச் சொல்லி நாங்கள் போட்ட கடுதாசிக்கு அங்கிருந்து ஒரு வரி பதில் இல்லை. இவர்கள்தான் ஊருக்குத் தொடர்பு கற்றுத்தருகிறார்களாம்!

அம்மாவுக்கு வேண்டியது உன் குரல் ஒன்றுதான். "பரீட்சைக்கு நான் செய்தி வாசிச்ச டேப்ப ஒருநாள் உன்னைக் கூட்டிகினு போய் கேக்க வைக்கிறேம்மா" என்றாயே. அதற்குள் காய்ச்சல் வந்து நீ போய்விடுவாய் என்று யார் கண்டது? எஸ்டேட் கம்பெனிக்கு ஷிஃப்டு கிளம்பின என்னைப் பிடித்து, அம்மா, "ஒரே ஒரு தபா கேட்டா போதும்டா, போய் கேட்டு வாங்கினு வா" என்று அனுப்பினாள்.

ஒலிப்பதிவு அறைக்காரர் பல் குத்திக்கொண்டே, "அதுவா? அழிச்சாச்சுப்பா. பரீட்சை முடிஞ்சா அது மேலயே அடுத்தத பதிஞ்சுடுவோம். தினம் புதுசு வாங்கினா கட்டுப்படியாவுமா?" என்றார். உன் குரல் இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது தெரியுமா? ஆண்டுவிழாவில் தாளாளர் பேசிய வரவேற்புரை. "எங்க கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா சார்?" என்றேன். "சொல்ற வழக்கமில்ல" என்றார்.

அப்போதுதான் அந்த அறைச் சுவரைப் பார்த்தேன். நம் வீட்டு ஜமக்காளம்! உயரமான கூரை, பதிவில் எதிரொலி தாங்கவில்லை என்று அம்மாவிடம் கெஞ்சி நீ தூக்கிக்கொண்டு போனாயே, அதே சிவப்புக் கோடு போட்டது, அம்மா தைத்த ஓரத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. ஒரே இழுப்பு. சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

அம்மா அதை மடியில் போட்டுத் தடவிக்கொண்டே இருந்தாள். "அவ கொரல நான் கேக்கலடா. இது கேட்டுகினு இருந்திச்சே" என்றாள்.

நேற்று கல்லூரியிலிருந்து நம் கள்ளிக்குப்பத்துக்கே ஆள் அனுப்பிவிட்டார்கள். எதிரொலியில் எதுவும் ஒழுங்காகப் பதிவாகவில்லையாம், ஜமக்காளம் வேண்டுமாம். இதற்கு மட்டும் நம் வீட்டுக்கு வழி தெரிகிறது! அம்மா விடுவிடுவென்று வாசலுக்கு வந்தாள்.

"எம் பொண்ணு கொரல கொண்டாந்து குடு. அப்புறம் எடுத்துகினு போ."

வந்தவன் வந்த வழியே திரும்பிப் போய்விட்டான்.

தரமாட்டேன் அக்கா. தாளாளரே காரில் வந்து இறங்கினாலும் தரமாட்டேன். அதை விரித்துத்தான் அம்மா இப்போது தூங்குகிறாள்.

இன்னும் கோபம் ஆறாத உன் தம்பி,
சேகர்