மருதமுனை ஸஹீத் விரும்பிக் கேட்ட பாடல்

14.07.2024 - ஞாயிறு

துணிக்கடையில் வியாபாரம் மந்தம். காலை முழுக்க இரண்டு சாறன்தான் போனது. மத்தியானம் கதவைச் சாத்திவிட்டுப் பாண்டிருப்புக் கரைக்குப் போனேன். நல்லரெத்தினம் தோணிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். டிக்கெட்டுகளை அவன் மடியில் போட்டேன்.

கடற்காகங்கள் பாட்டுக் கோஷ்டி கடைசிச் சுற்று வருகிறார்கள். வருகிற சனிக்கிழமை தம்பிலுவில், அடுத்த மாதக் கடைசியில் மட்டக்களப்பு. அதோடு மேடைக்கு முழுக்குப் போடப்போகிறார்களாம். நானும் நல்லரெத்தினமும் பள்ளிக்கூட உடுப்போடு மதிலேறிக் குதித்துப் பார்த்த கோஷ்டி. பாட்டுக்காரர் எமில் நவரெத்தினத்துக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டியிருக்கும்.

"எனக்கு ஏலாதுடா மச்சான். சனிக்கிழமை கடலுக்குப் போகணும். முழங்காலும் விடுதில்ல. நீ போ."

விட்டேனா? ஒரு மணித்தியாலம் கெஞ்சினேன். "நீ இல்லாம நான் ஆரோட போற" என்று கேட்டேன். கடைசியில் வலையைத் தூக்கி எறிந்துவிட்டு, "சரி, வாறன். அங்க கதிரை இல்லாட்டி உண்ட மடியிலதான் இருப்பன்" என்றான். இரண்டு ஊர் டிக்கெட்டுகளையும் அவனிடமே கொடுத்து வைத்தேன். என் வீட்டில் இருந்தால் யார் கண்ணிலாவது படும்.

16.07 - செவ்வாய்

அலியார் ஹாஜியாரும் அவருடைய மனைவி சபியா உம்மாவும் வந்து போனார்கள். அவர்களுடைய மகன் இம்தாதுக்கும் என் மகள் நுஸ்ராவுக்கும் ஒக்டோபர் ஆறாம் திகதி காவின் எழுதிக் கலியாணம் என்று முடிவாகிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ்.

ஹாஜியார் நல்ல மனிதர். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறார். பாட்டு மட்டும் அவருக்கு ஆகாது. சாய்ந்தமருதில் ஒரு கலியாண மண்டபத்தில் பாட்டுப் போட்டார்கள் என்று சாப்பிடாமல் எழும்பி வந்தவர். அதை அவரே இன்று சொல்லிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவர்கள் போனபிறகு றாஹிலா சொன்னாள்: "போறதெண்டா போங்க. ஒரு குருவிக்கும் தெரியக் கூடா."

என் மனைவிக்கு என்னைத் தெரியும்.

21.07 - ஞாயிறு

நேற்றுத் தம்பிலுவில். நல்லதை முதலில் எழுதிவிடுகிறேன்.

என் மோட்டார் சைக்கிளில் போனோம். அக்கரைப்பற்றைத் தாண்டியதும் நிறுத்தி, தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். நல்லரெத்தினம் கண்டான், ஒன்றும் கேட்கவில்லை.

முதலில் மேடைக்கு வந்தவர் வேலப்போடி. எண்பது வயது, கையில் உடுக்கு. பழைய வசந்தன் கூத்துப் பாட்டு. முன்வரிசைப் பெடியன்கள் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பாட்டின் நடுவில் மூச்சு முட்டி நின்றுவிட்டார். "கொஞ்சம் பொறுங்க, மூச்சு வரட்டும்" என்று மைக்கிலேயே சொன்னார். சனம் பொறுத்திருந்தது. போன்களும் மடிக்குப் போயின. மூச்சு வந்தது, விட்ட இடத்திலிருந்து பாடினார்.

பிறகு கடற்காகங்கள். ஐந்து பேரில் மூன்று பேர்தான் மிச்சம். எமில் நவரெத்தினம் கதிரையில் இருந்துதான் பாடினார். மேலே போகிற இடத்தில் குரல் உடைந்தது, அந்த இடத்தைச் சனமே பாடிக் கொடுத்தது. கடலுக்குப் போகவேண்டும் என்று முனகியவனின் முழங்கால் தாளத்துக்கு ஆடியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்க முடியவில்லை.

இனிக் கெட்டது.

எமில் மைக்கோடு கீழே இறங்கி வந்தார். ஒவ்வொருவரிடமும் என்ன பாட்டு, யாருக்காக என்று கேட்டார். என் முன்னால் நின்று மைக்கை நீட்டினார். "ஆறரை பஸ்" என்றேன். "ஆருக்காக?" என்றார்.

அந்தக் காலத்தில் நானும் நல்லரெத்தினமும் வாராவாரம் வானொலிக்குப் போஸ்ட்கார்ட் போடுவோம். பாட்டு மூன்று நிமிசம் என்றால் விரும்பிக் கேட்டவர்களின் பேர் நாலு நிமிசம் வாசிப்பார்கள். வீட்டில் ஒருவரை விட்டாலும் சண்டை வரும். ஆகவே உறவு முறையோடு எல்லாரையும் எழுதுவோம். அந்தப் பழக்கம் நாக்கில் அப்படியே இருந்திருக்கிறது. அறிவிப்பாளர் மாதிரிக் குரலை இறக்கிக்கொண்டு ஆரம்பித்தேன்: "மருதமுனையிலிருந்து ஸஹீத், மகள் நுஸ்ரா, மருமகன் இம்தாத், சம்பந்தி அலியார் ஹாஜியார், சம்பந்தியம்மா சபியா உம்மா, மற்றும் மனைவி..."

அப்போதுதான் எதிரே உயர்ந்திருந்த போன்களைக் கண்டேன். நிறுத்திவிட்டேன்.

எமில் நிறுத்தவில்லை. மனிதருக்கு என்ன ஞாபகசக்தி. மேடைக்குத் திரும்பிப் போய், கிற்றாரைத் தட்டிக்கொண்டு எல்லாப் பேரையும் பாட்டுக்கு முன்னால் இழுத்துப் பாடினார். சபியா உம்மாவின் பேரை இரண்டு தரம். சனம் கைதட்டிச் சிரித்தது. ஐந்து நேரமும் தொழுகிற, பிற ஆண்களுக்கு முன்னால் வராத ஒரு மனுசியின் பேர்.

திரும்பி வரும்போது நல்லரெத்தினம் பின்னாலிருந்து சொன்னான்: "ஒருத்தரும் பாத்திருக்க மாட்டாங்கடா. கெழவன்மார்ர பாட்ட ஆரு பாக்கிற."

22.07 - திங்கள்

எல்லாரும் பார்த்துவிட்டார்கள். பேஸ்புக்கில் நேரடியாகப் போயிருக்கிறது. யாரோ என் துண்டை மட்டும் வெட்டி வாட்சப்பில் விட்டிருக்கிறார்கள். என் முகம் மட்டும் திரை முழுக்க. கடைக்கு வந்த ஒருவர், "ஆறரை பஸ் வந்துட்டா?" என்று கேட்டுவிட்டுச் சாறன் வாங்காமல் போனார்.

றாஹிலா போனை என் முன்னால் வைத்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"எல்லார்ட பேரும் செல்லிட்டு, எண்ட பேருக்கு வரக்குள்ளதான் ஒங்களுக்கு வெக்கம் வந்திச்சா?"

நுஸ்ரா அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

23.07 - செவ்வாய்

ஹாஜியார் ஆள் விட்டுக் கூப்பிட்டார். போனேன். அவரும் அவருடைய தம்பியும் மட்டும் இருந்தார்கள். தேத்தண்ணி வந்தது. தேத்தண்ணி வந்ததே எனக்குக் கூடுதல் பயமாக இருந்தது.

"இதென்ன சம்பந்தி?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உள்ளறையில் சபியா உம்மா இருமுகிற சத்தம் கேட்டது.

போகும்போது உண்மையைச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். வாயைத் திறந்தால் வேறொன்று வருகிறது.

"நல்லரெத்தினம் தோணி இஞ்சின் ஒண்டு பாக்கணும் எண்டு கூட்டிப் போனான். அங்க போனாப் பாட்டு. மைக்க எண்ட வாய்க்கிட்டப் புடிச்சி, இதச் செல்லு அதச் செல்லு எண்டு அவன்தான் பக்கத்துல இருந்து பேரெல்லாம் எடுத்துத் தந்தான். எனக்கு என்ன செய்யிறதெண்டு வெளங்கல்ல."

இவ்வளவு அழகாகப் பொய் சொல்ல எனக்குத் தெரியும் என்று எனக்கே தெரியாது.

ஹாஜியாரின் முகம் இளகியது. "அதானே பாத்தன். அந்தாளுக்கு நம்மட வீட்டு விசயம் தெரியாதுதானே. நாமதான் கவனமா இரிக்கணும். அவரோட சேர்க்கையக் கொறச்சிக்கங்க சம்பந்தி. கலியாணத்துக்கும் அவர் வேணாம்."

ஓம் என்றேன்.

24.07

ஓம் என்றேன். இரண்டு தரம் ஓம் என்றேன், சேர்க்கையைக் குறைக்க ஒன்று, கலியாணத்துக்குக் கூப்பிடாமல் விட ஒன்று.

28.07 - ஞாயிறு

யோசித்துப் பார்க்கிறேன். அந்த இடத்தில் ஏன் அவன் பேர் வந்தது? வேறு ஒருவனை இழுத்திருக்கலாம். என் கடைக்காரக் கூட்டாளிகள் யாரையாவது. ஆனால் மருதமுனையில் யாரைச் சொன்னாலும் ஹாஜியார் அவனைக் கூப்பிட்டு விசாரிப்பார். தமிழன் ஒருவனின் தலையில் போட்டால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன். இதை எழுதவே கை கூசுகிறது.

எங்கள் முஸ்லிம் ஊரும் அவனுடைய தமிழ் ஊரும் அடித்துக்கொண்ட காலத்திலும் அவன் எங்கள் வீட்டுக்கு மீன் கொடுத்தனுப்பாமல் இருந்ததில்லை. ச்சீ.

05.08 - திங்கள்

மகளின் கலியாணத்துக்காகத்தான் சொன்னேன் என்று இத்தனை நாளும் என்னை நானே தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இன்றோடு அதுவும் போய்விட்டது.

றாஹிலா சந்தையில் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். ஹாஜியாரின் தம்பி கல்முனை மீன் சந்தையில் நல்லரெத்தினத்தைப் பிடித்திருக்கிறார். ஆட்களுக்கு முன்னால் கேட்டாராம்: "ஸஹீத இஞ்சின் பாக்க எண்டு பொய் செல்லிப் பாட்டுக்கு இழுத்துட்டுப் போன ஆள் நீயா?"

நல்லரெத்தினம் பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தானாம். கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தானாம். பிறகு, "ஓம். நான்தான்" என்றானாம்.

"பொம்புளையள்ட பேரச் செல்லிக் குடுத்தது?"

"அதும் நான்தான்."

அவ்வளவுதான். குனிந்து மிச்ச மீனை வெட்டினானாம்.

சொல்லிவிட்டு றாஹிலா அடுப்படிக்குப் போய்விட்டாள். "நீங்க ஹாஜியார்ட்ட செல்லலயா, நாந்தான் அவரக் கூட்டிப் போனெண்டு?" என்று அங்கிருந்தே கேட்டாள். கேட்காத மாதிரி இருந்தேன்.

11.08 - ஞாயிறு

கல்முனைக்குப் போவதென்றால் பாண்டிருப்பைத் தாண்டித்தான் போகவேண்டும். இப்போதெல்லாம் பஸ்ஸில் போகிறேன், நடுச் சீட்டில், தலையைக் குனிந்துகொண்டு. அறுபது வயதில் கள்ளனைப் போல.

அவனிடமிருந்து ஒரு போன் கோல்கூட இல்லை. சண்டைக்கு வந்தானென்றால் நல்லது. வரமாட்டான்.

19.08 - திங்கள்

கலியாணக் கார்ட் அடித்து வந்தது. பேர்ப் பட்டியல் போட்டோம். நல்லரெத்தினம் என்று எழுதினேன். வெட்டினேன். நுஸ்ரா பார்த்துக்கொண்டிருந்தாள்.

31.08 - சனி

இன்று மட்டக்களப்பில் கடற்காகங்களின் கடைசி மேடை. மஃரிப் தொழுதுவிட்டு வந்து, அறைக்குள் போய், காதில் வயரைச் செருகிக்கொண்டு போனில் நேரடியாகப் பார்த்தேன். டிக்கெட் அவனிடம் இருக்கிறது. போயிருக்கமாட்டான் என்று நினைத்தேன்.

போயிருந்தான். மூன்றாம் வரிசையில் இருந்தான். நல்ல வெள்ளைச் சேர்ட். பக்கத்துக் கதிரையில் அவனுடைய துவாயைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தான்.

எமில் மைக்கோடு இறங்கினார். இந்த முறை ஒருவர் அவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். நல்லரெத்தினத்துக்கு முன்னால் நின்றார். போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்தேன்.

"ஐயாட பேர்?"

"பாண்டிருப்பு நல்லரெத்தினம்."

"என்ன பாட்டு?"

"ஆறரை பஸ்."

"ஆருக்காக?"

அவன் துவாய் கிடந்த கதிரையைப் பார்த்தான். "ஒரு சினேகிதனுக்கு."

"சினேகிதன்ட பேரச் சொல்லுங்க, நாங்க பாடுவம்."

"பேர் வேணாம் சேர். அவருக்குக் கரைச்சல் வரும்."

அவருக்கு என்றான். இத்தனை வருசத்தில் என்னை அவன் ஒருநாளும் அவர் என்று சொன்னதில்லை. நாயே, பேயே என்று சொல்லியிருக்கிறான்.

எமில் பேரில்லாமலே பாடினார். முழுப் பாட்டையும் கேட்க என்னால் முடியவில்லை.

01.09 - ஞாயிறு

நுஸ்ராவைக் கூப்பிட்டு இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். மகளுக்கு முன்னால் அழக்கூடாது என்று நினைத்திருந்தேன். அழுதேன்.

"எனக்குத் தெரியும் வாப்பா" என்றாள். "மாமாட வீட்ட போய்ச் செல்லுங்க. இதால நிக்கிற கலியாணமெண்டா நிக்கட்டும்."

நிக்கட்டும் என்று சொல்லும்போது அவள் கண் மேசையிலிருந்த கலியாணக் கார்டுகள் மேல் போனது. நான் கண்டேன்.

03.09 - செவ்வாய்

அஸர் தொழுகைக்குப் பிறகு ஹாஜியார் வீட்டுக்குப் போனேன். அவருடைய தம்பியையும் கூப்பிடச் சொன்னேன். அவருக்கும் முன்னால்தான் சொல்லவேண்டும் என்றிருந்தது. கெஞ்சிக் கூட்டிப் போனது நான், டிக்கெட் எடுத்தது நான், பேர்களைச் சொன்னது நான், அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். இந்த முறை அழகாக வரவில்லை. திக்கித் திக்கித்தான் வந்தது.

தம்பி தலையைக் குனிந்துகொண்டார்.

"கலியாணம் நிக்காது" என்றார் ஹாஜியார். "புள்ளைகள் என்ன பாவம் செஞ்ச. பாட்டுக்குப் போனத்தயும் உடுவம். ஆனா ஒங்கள நான் பாத்த பார்வை இனி அப்படி இரிக்காது சம்பந்தி. ஒரு மனுசன சந்தையில வெச்சி நாங்க கேவலப்படுத்திட்டம், ஒங்கட வாயக் கேட்டு."

தேத்தண்ணி வரவில்லை. வெளியே வரை வந்தவர், "அந்தாள்ட வீடு பாண்டிருப்புல எங்க?" என்று கேட்டார். சொன்னேன்.

நேரே கடற்கரைக்குப் போனேன். பாண்டிருப்புப் பக்கம் நடக்கக் கால் வரவில்லை. கோல் எடுத்தேன். நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தான்.

"ஆரு?"

என் இலக்கத்தை அழித்துவிட்டானா, தெரிந்துகொண்டே கேட்கிறானா, தெரியவில்லை.

"மருதமுனை ஸஹீத்" என்றேன்.

அவன் பக்கத்தில் தோணி இஞ்சின் ஒன்று அணைந்தது.

வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், "மனைவி றாஹிலா, மகள் நுஸ்ரா..." என்றேன்.

பிறகு அவன் கேட்டான்: "என்ன பாட்டு வேணும்?"

குரலில் சிரிப்பு இல்லை. ஆனால் போனை வைக்காமல் நின்றான்.