பெயர் சொல்லாமல் வாங்கிய முத்திரை

இன்று காலை உங்கள் கறுப்புக் கம்பளிக் கோட்டை அலமாரியிலிருந்து எடுத்தேன். அந்துருண்டை வாசம் குப்பென்று வந்தது. பேத்தி அதைப் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போகிறாளாம். படிப்பில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் எனக்கு அந்தக் கோட்டைப் பார்த்தால் வெளிநாட்டவர் அலுவலகம்தான் ஞாபகம் வருகிறது.

அது எழுபதுகளின் நடுவில் ஒரு பனிக்காலம். ஆண்டுதோறும் பட்டறையில் லீவு சொல்லிவிட்டு, விசாவை நீட்டிக்க மியூனிக் அலுவலகத்தில் வரிசையில் நிற்பீர்கள். அந்த முறை நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்டிருந்தோம். மனைவிக்கும் ஜெர்மன் பேச வருகிறதா என்று பார்ப்பார்களாம். நானோ ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ட்ராமிலும் என்னை விடாமல் கேள்வி கேட்டுப் பழக்கினீர்கள். "காய்கறிக்காரிகிட்டப் பேசுற மாதிரி பேசு புள்ள, போதும்" என்றீர்கள்.

அதிகாரி எடுத்த எடுப்பில் என்னிடம், "உங்கள் கணவர் பெயர் என்ன?" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். காது கேளாதவளிடம் கேட்பதுபோல மெதுவாக, சத்தமாக மறுபடி கேட்டார். "சொல்லித் தொலை புள்ள, சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது" என்று தமிழில் பல்லைக் கடித்தீர்கள். அவர் பேனாவை மூடினார். போயிற்று என்று நினைத்தேன். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"ஐயா, கேள்வி புரிகிறது. எங்கள் ஊரில் மனைவி கணவர் பெயரைச் சொல்ல மாட்டாள். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும். இவர் பட்டறையில் வேலை செய்கிறார். உருளைக்கிழங்கு பிடிக்காது. குறட்டை விடுவார். வேறு எது வேண்டுமானாலும் கேளுங்கள்."

"பிறகு வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள்?"

"'இங்க பாருங்க' என்பேன். முதல் தடவை பார்க்க மாட்டார்."

அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "இவ்வளவு ஜெர்மன் போதும் அம்மா" என்று முத்திரையை எடுத்தார்.

படியிறங்கும்போது, "குறட்டைய எதுக்குடி சர்க்கார்கிட்டச் சொன்ன?" என்றீர்கள். ஆனால் வீடு வரும்வரை கோட்டுப் பையில் இருந்த பாஸ்போர்ட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள்.

இன்று பேத்தி பொத்தானைப் போட்டுக்கொண்டே சீண்டினாள்.

"இப்பவாவது சொல்லு பாட்டி, தாத்தா பேரு என்ன?"

"போடி, உங்கப்பனைக் கேளு."

இனிக் குறைவதற்கு உங்களுக்கு ஆயுசு இல்லை. சொன்னால் குற்றமில்லைதான். ஆனாலும் வாயில் வரவில்லை. இந்த மடலின் தலையிலும் எழுதவில்லை.

இங்க பாருங்க, கோட்டு அவளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது.