கடைசி நிறுத்தம் வரை பேருந்தை மீண்டும் விட வேண்டி

அனுப்புநர்:
தையல் தொழில் செய்பவர்,
பேருந்து நிறுத்தத்துக்கு எதிர் வீடு,
பழைய வழித்தடத்தின் கடைசி ஊர்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
ஊரகப் பேருந்துப் பிரிவு,
போக்குவரத்துத் துறைத் தலைமை அலுவலகம்.

பொருள்: நிறுத்தப்பட்ட கிராமப் பேருந்துகளை மீண்டும் இயக்கக் கோருவதும், பயணிகளைக் கணக்கெடுக்கும் முறை பற்றிய புகாரும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது என் இரண்டாவது மனு. முதல் மனுவில் பேருந்து வேண்டும் என்று மட்டும் எழுதினேன். ஏன் வேண்டும் என்பதை இப்போது எழுதுகிறேன்.

1. என் கணவர் வெல்டிங் வேலை செய்தவர். இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி, வாரம் மூன்று நாள் நகரத்து அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். காலைப் பேருந்தில் போய் மாலைப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். நோய் இருந்தாலும் அவர் வீட்டில்தான் இருந்தார்.

2. கடந்த கோடையில் அந்தப் பேருந்தைப் புறவழிச்சாலையில் திருப்பிவிட்டார்கள். அந்தச் சாலை எங்கள் ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டர். டயாலிசிஸ் முடிந்து வருபவருக்கு எழுந்து நிற்கவே தெம்பு இருக்காது, ஐயா. அவரைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிவந்த முதல் நாளே வழியில் மூன்று இடங்களில் உட்கார்ந்துவிட்டார்.

3. அதன்பின் பால் வண்டிக்காரர் மனமிரங்கி எங்களை ஏற்றிக்கொண்டார். கேன்களுக்கு நடுவே சாக்கை விரித்து உட்கார்வோம். "பால் கெட்டா சொசைட்டில திருப்பி அனுப்பிடுவாங்க. நான் கெட்டா உன்கிட்டதான் அனுப்புவாங்க" என்று என் கணவர் கேலி செய்வார். நானும் சிரித்துக்கொண்டே அவர் சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள்வேன்.

4. என் முதல் மனுவுக்குப் பிறகு தங்கள் அலுவலகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். நிறுத்தத்தில் ஆள் யாரும் இல்லை என்று குறித்துக்கொண்டார். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு ஓடிப்போய், "பஸ்ஸே வராத இடத்துல ஜனங்க எதுக்குங்க நிப்பாங்க?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா நான் பார்த்ததைத்தான் எழுத முடியும்" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. பயணிகள் வரத்து இல்லாததால் பேருந்து இயக்க வாய்ப்பில்லை என்று பதில் வந்தது.

5. சென்ற மாதம் பெருமழையில் பால் வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருக்கான இயந்திரத்தில் வேறொருவரைப் படுக்க வைத்துவிட்டார்கள். அவரும் உயிருக்காக வந்தவர்தானே, யாரோடு சண்டை போடுவது? மறுநாள் வரச் சொன்னார்கள். மறுநாள் காலை என் கணவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. கால்கள் வீங்கி, பேச முடியாமல் என் கையை மட்டும் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர் டிராக்டரில் வைத்துக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டார்.

6. அன்று மருத்துவமனை வாசலில் அவர் சொன்னார்: "நீ வீட்டுக்குப் போ. நான் இங்கயே இருந்துக்கறேன்." கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். அவரோ முன்பே இடம் பார்த்து வைத்திருந்தார். மாடிப்படிக்குக் கீழே நோயாளிகள் ஆறு பேர் பாய் விரித்து வாழ்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையிலிருந்து வந்தவர்கள். சிலர் பக்கத்து மாவட்டத்துக்காரர்கள். "எங்க ஊர்லயும் பஸ்ஸ நிறுத்திட்டாங்க தங்கச்சி" என்றார் அங்கே இருந்த ஓர் அக்கா. அவருடைய கணவர் அந்தப் படிக்கட்டின் கீழேயே ஓர் ஆண்டாக இருக்கிறாராம்.

7. எனக்குப் பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் இருக்கிறாள். தைத்தால்தான் அடுப்பு எரியும். அதனால் நான் ஊரில், அவர் படிக்கட்டின் கீழ். ஞாயிறன்று சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிறேன். சொந்த வீடு இருக்கிற மனிதர், காவலாளி அதட்டும்போதெல்லாம் பாயைச் சுருட்டிக்கொண்டு நிற்கிறார். மகள் பார்த்துவிடக் கூடாது என்று அவளை அழைத்துவர வேண்டாம் என்கிறார்.

ஆகவே தங்களிடம் கேட்பது இவைதான். எங்கள் வழித்தடத்தில் காலையும் மாலையும் ஒரு பேருந்து, சிற்றுந்தாக இருந்தாலும் போதும், கடைசி நிறுத்தம் வரை வர வேண்டும். எங்கள் ஊருக்கு மட்டும் கேட்டால் அந்த ஆறு பேரின் முகத்தில் நான் விழிக்க முடியாது. மாநிலம் முழுவதும் இப்படி நிறுத்திய வழித்தடங்களை மறுபடி பாருங்கள். கணக்கெடுக்க ஆள் அனுப்பும்போது காலியான நிறுத்தத்தில் நிற்க வைக்காதீர்கள். மருத்துவமனைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் அனுப்பி, எந்த ஊர், எப்படி வந்தீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். பயணிகள் அங்கேதான் இருக்கிறார்கள்.

இந்த மனுவை அவருக்குப் படித்துக் காட்டினேன். "ரொம்பக் கேக்காத. திரும்பி வர்ற பஸ்ஸ மட்டும் கேளு. போறதுக்கு எப்படியாவது போயிக்கலாம்" என்றார்.

ஐயா, நான் இரண்டையும் கேட்கிறேன்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,

(கையொப்பம்)

நாள்: 16.11.2025
இடம்: அரசு மருத்துவமனை, மாடிப்படி அருகில்