சர்க்கரை இல்லை என்று சொன்னேன்

இன்று காலை லேப் ஷட்டரைப் பாதி தூக்கும்போதே ஒருவர் டப்பாவோடு நின்றிருந்தார். அவலூர்பேட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த கொத்தனார். எழுந்ததும் பிடித்த முதல் சிறுநீர். வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். குழாய்த் தண்ணீர் போல, நிறமே இல்லை. பதினெட்டு வருஷமாக இதே வேலை செய்கிறவள், டப்பாவைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன். உன் டப்பாவும் இப்படித்தான் இருந்தது.

நீ போய்ச் சேர்ந்து, வருகிற மாசியோடு மூன்று வருஷம்.

சிங்கவரத்திலிருந்து ஒரே சைக்கிளில் செஞ்சிக்குப் பள்ளிக்கூடம் வந்தவர்கள் நாம். நான் லேப் படிப்புக்குப் போனேன். நீ கல்யாணமாகி, கடைசியில் செஞ்சி மலைக்கோட்டையில் படி பெருக்கவும் புல் பிடுங்கவும் கூலிக்குப் போனாய். காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவாய். ஒதுங்க வேண்டுமென்றால் அத்தனை படியும் கீழே இறங்கி வரவேண்டும் என்பதால் தண்ணீர் பாட்டிலே எடுத்துப் போகமாட்டாய். "குடிச்சாதான போவணும்?" என்பாய். அந்தப் படிகள் உன் முட்டியைத் தின்றன. இறங்கி வந்ததும் கடையில் இரண்டு வலி மாத்திரை. சீட்டெல்லாம் கிடையாது, கேட்டால் கொடுப்பார்கள். பல நாள் என் லேப் வாசலில், நான் வாங்கிக் கொடுத்த டீயிலேயே அதை முழுங்கியிருக்கிறாய். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தப் புரட்டாசிக் காலையில் நீ பயந்துபோய் வந்தாய். சர்க்கரை நோயில் உன் நைனாவுக்குக் காலை வெட்டி எடுத்ததிலிருந்து உனக்கு அந்தப் பேரைக் கேட்டாலே கலக்கம்.

"ராத்திரில மூணு வாட்டி எழுந்து போறேன்டி. சுகர் வந்துடுச்சா பாரு."

பரிசோதனைப் பட்டையை நனைத்து எடுத்தேன். சர்க்கரைக் கட்டம் நிறம் மாறவில்லை. உன்னைவிட எனக்குத்தான் சந்தோஷம்.

"சுகர் இல்ல, போ. இம்மா தெளிவா இருக்குது, சொம்பு சொம்பா தண்ணி குடிச்சிட்டு வந்தியா?"

"ராத்திரி சாப்பிட்டதுக்கு அப்புறம் ஒரு சொட்டு குடிக்கலடி."

"பொய் சொல்லாத."

"நான் இன்னாத்துக்குடி பொய் சொல்லப்போறேன்?"

சிரித்துக்கொண்டே போய் ஆளுக்கு இரண்டு போண்டா தின்றோம்.

நான் பரீட்சைக்குப் படித்தபோது புத்தகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டவள் நீ. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளைக்கு இரத்தத்திலிருந்து நூற்றெண்பது லிட்டர் வடிக்கின்றன என்று நான் ஒப்பித்ததும், "பன்னெண்டு குடம்டி!" என்று வாயைப் பிளந்தாய். வெளியே போவது ஒன்றரை லிட்டர், ஏறக்குறைய மற்றதெல்லாம் மெல்லிய குழாய்கள் வழியாக இரத்தத்துக்கே திரும்பிவிடும் என்றேன். சிறுநீரகத்தின் உள்பகுதியில் உப்பு செறிந்து கிடக்கும். குழாய் அதன் வழியே இறங்கும்போது அந்த உப்பு தண்ணீரை வெளியே இழுக்கும். உடம்பில் தண்ணீர் குறைந்தால் இன்னும் அதிகம் இழுக்கும். இரவு முழுக்கக் குடிக்காதவர்களுக்குக் காலைச் சிறுநீர் மஞ்சளாக, கெட்டியாக வருவது அதனால்தான். வருஷக்கணக்காகப் போடும் வலி மாத்திரை அந்த உள்பகுதியை அரித்துவிடலாம். அரித்துவிட்டால் தண்ணீரைத் திரும்ப இழுக்க ஆளில்லை. குடிக்காவிட்டாலும் அடிக்கடி போகும், தெளிவாகவே போகும்.

இது அத்தனையும் எனக்குத் தெரியும். அன்றைக்குப் பட்டையில் அடர்த்தியைக் காட்டும் கட்டமும் குறைவு என்றே காட்டியது. நீயும் சொன்னாய், பட்டையும் சொன்னது. நான் சர்க்கரையை மட்டும் பார்த்தேன்.

ஒன்றரை வருஷம் கழித்துக் கால் வீங்கி, மூச்சு வாங்கி, வாந்தியோடு உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சிறுநீரகம் இரண்டும் சுருங்கிவிட்டன என்றார்கள். வாரம் மூன்று நாள் விழுப்புரத்துக்கு டயாலிசிஸ். வியாழக்கிழமை என் முறை, நான்தான் கூட வருவேன். முதல் நாள் அந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாய். "அந்தத் துக்குணூண்டு கிட்னியா இந்த வேலையெல்லாம் செஞ்சுது?" என்று கேட்டாய். நான் தலையாட்டினேன்.

அப்புறம் சிறுநீரே நின்றுபோனது. குடிக்கிற தண்ணீர் எல்லாம் உடம்பிலேயே தங்கும் என்பதால் நாளைக்கு மூன்று டம்ளர்தான். மலைமேல் வேண்டுமென்றே குடிக்காமல் இருந்தவள், இப்போது ஒரு வாய்க்குக் கெஞ்சினாய். ஒருமுறை பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரி பாட்டிலைத் திறந்தபோது நீ அதையே வெறித்துப் பார்த்தாய். நான் உன் முகத்தை என் பக்கம் திருப்பினேன். அப்போதுதான், இத்தனை நாள் அடக்கிவைத்ததைச் சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கே நான் கண்டுபிடிச்சிருக்கணும்டி. அப்பவே மாத்திரைய நிறுத்தியிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது."

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். உலர்ந்த உதட்டோடு கேட்டாய்:

"நான் பொய் சொல்லலன்னு இப்பவாச்சும் நம்புறியா?"

நீ கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருக்கலாம்.

அடுத்த மாசியில் போய்விட்டாய். கடைசி நாளில், நனைத்த பஞ்சால் உன் உதட்டைத் துடைத்தேன். நீ அதைப் பல்லால் கடித்து உறிஞ்சப் பார்த்தாய். நான் பிடுங்கிக்கொண்டேன். அது கடைசி என்று தெரிந்திருந்தால் ஒரு டம்ளர் நிறையக் கொடுத்திருப்பேன்.

இன்று அந்தக் கொத்தனாரிடம் கேட்டேன், "ராத்திரி தண்ணி குடிச்சீங்களா?"

"இல்லம்மா. ஒரு வாய்கூட இல்ல."

பட்டையை நனைத்தேன். அடர்த்திக் கட்டம் குறைவாகவே காட்டியது.

"ராத்திரில அடிக்கடி எழுந்துக்கிறீங்களா? இடுப்பு வலி, முட்டி வலின்னு தினம் மாத்திரை போடுறீங்களா?"

அவர் முழித்தார். "ஆமாம்மா, நாலஞ்சு வருஷமா போடுறேன். நான் சொல்லவே இல்லியே, உனக்கு எப்பிடித் தெரியும்?"

மாத்திரையை இன்றே டாக்டரிடம் காட்டச் சொல்லி, சிறுநீரகம் எப்படி இருக்கிறதென்று தெரிய இரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்க ஊசியை எடுத்தேன். கையை நீட்டிக்கொண்டே அவர் மறுபடியும் அதையே கேட்டார்.

"என் கூட்டாளி ஒருத்தி சொன்னா," என்றேன். அவள் சொன்னபோது நான் நம்பவில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.