எல்லைப் பாலம்வரை போன ஜூரி

பாலிகாரா,
1831 மார்ச் 19, சனிக்கிழமை

லிவர்பூலில் இருக்கும் அன்புள்ள அண்ணன் ஃபெய்லிமுக்குத் தங்கை சோர்கா எழுதுவது. தம்பி டொனகா உயிரோடு இருக்கிறான். இதை முதலில் சொல்லிவிட்டேன், இனி நீ நிதானமாகப் படிக்கலாம்.

நீ கப்பலேறியதற்கு முந்தின இரவு பண்ணை முதலாளியின் ஏஜெண்டுடைய வைக்கோல்போர் எரிந்ததே, அந்த வழக்கில் அவனைப் பிடித்துப்போனதைப் பற்றி இரண்டு கடிதம் போட்டேன். உன்னிடமிருந்து பதில் இல்லை. துறைமுகத்தில் வேலை அதிகம் போலிருக்கிறது.

புதன்கிழமை தாரை ஊதி, ஈட்டிக்காரர்கள் முன்னே நடக்க, நீதிபதி ஊருக்குள் வந்தார். வியாழன் மதியம் டொனகா கூண்டில் நின்றான். போருக்குப் பக்கத்துச் சேற்றில் இருந்த பூட்ஸ் தடத்தைக் குச்சியில் அளந்து வைத்திருந்தார்கள். உள்பக்கம் தேய்ந்த குதிகாலாம். நீளம் டொனகாவின் காலுக்குச் சரியாக இருந்தது. தூக்குதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஆனால் ஜூரி பன்னிரண்டு பேரில் ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. யார் தெரியுமா? செருப்புத் தைக்கும் டார்பி ஹெனகன். சாப்பாடு கொஞ்சம் தாமதமானாலே கத்தித் தெருவையே கூட்டிவிடுகிற அதே டார்பிதான். தீர்ப்பு வரும்வரை ஜூரிக்கு ரொட்டி இல்லை, தண்ணீர் இல்லை, குளிர்காய நெருப்பும் இல்லை. விடிந்து பார்த்தால் பதினொரு பேர் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

நீதிபதி அடுத்த மாவட்டத்துக்குப் போயாக வேண்டும். வழக்கம்போல் ஜூரியை இரண்டு கட்டை வண்டிகளில் ஏற்றி அவருடைய கோச்சுக்குப் பின்னால் ஓட்டினார்கள். எல்லைப் பாலம் ஒன்பது மைல். அதற்குள் பன்னிரண்டு பேரும் ஒன்றுபட்டால் நடுரோட்டிலேயே தீர்ப்பு. இல்லையென்றால் பாலத்தில் ஜூரி கலையும், டொனகாவுக்கு அடுத்த கோர்ட் வரை உயிர் இருக்கும்.

அண்ணா, பாதி ஊர் வண்டிக்குப் பின்னால் ஓடியது. நான் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு டார்பியின் வண்டிச் சக்கரத்தோடு ஒட்டியே ஓடினேன். மழை வேறு. வண்டிக்குள் ஜூரிக்குத் தலைவரான மாவுமில்காரர், “யோவ் டார்பி, ஒத்துக்கயா. உன்னால பதினோரு குடும்பம் தாலியறுக்கப் போகுது” என்று கத்தினார். “எனக்கும்தான்யா வயிறு காயுது. அந்தத் தடம் இந்தப் பய காலு இல்ல” என்றார் டார்பி. எப்படித் தெரியும் என்று வண்டியிலிருந்த மற்றவர்கள் மாறி மாறிக் கேட்டார்கள். “தெரியும்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

ஏழாவது மைலில் ஒரு வீட்டு வாசலில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. அந்த வாசனையில் டார்பி கண்ணை மூடிக்கொண்டு உதட்டை நக்கினார். நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும். “மாமா, இன்னும் ரெண்டே மைலு மாமா” என்று கெஞ்சிக்கொண்டே ஓடினேன். “நீ ரோட்டப் பாத்து ஓடுடி, விழுந்து தொலைக்கப் போற” என்று திட்டினார்.

பாலத்தில் நீதிபதி தலையை நீட்டிக் கடைசியாகக் கேட்டார். மாவுமில்காரர் உதட்டைப் பிதுக்கினார். ஜூரி கலையலாம் என்று நீதிபதி சொன்னதும் கோச்சு கிளம்பிவிட்டது. வண்டிக்காரன் எரிச்சலில் வண்டியைச் சாய்த்து எல்லோரையும் சேற்றில் கொட்டினான். நான் டார்பியைத் தூக்கிவிட்டு அவர் வழுக்கையில் முத்தம் கொடுத்தேன். அவர் பெண்டாட்டி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

திரும்பி நடக்கும்போது அவர் மெதுவாகச் சொன்னார்: “குதிகால் உள்பக்கமா தேயுற காலு உங்க வீட்டுல ஒண்ணுதான். அதுக்குத் தச்சவன் நான். யாருன்னு நீ கேக்காத, நானும் சொல்லல.”

நான் கேட்கவில்லை. சிறையில் போய் டொனகாவைப் பார்த்தேன். அண்ணன் அங்கே நன்றாகச் சாப்பிடுகிறானா என்று மட்டும் விசாரித்தான்.

ஜூலையில் நீதிபதி மறுபடி வருவார். டார்பியை இனி ஜூரியில் உட்காரவிட மாட்டார்கள். வா என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வராதே என்று எழுதவும் வரவில்லை. நீங்கள் இரண்டு பேருமே எனக்கு வேண்டும்.

கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும். டார்பி தைத்துக் கொடுத்த அந்த பூட்ஸ் இன்னும் இருந்தால் தூக்கி எறிந்துவிடாதே, அண்ணா. ஊருக்கு வருவதானால் அதையே போட்டுக்கொண்டு வா.

உன் தங்கை,
சோர்கா