முந்தியில் முடிந்த மாத்திரை

மதினி,

பக்கத்து வீட்டில் யாருக்கோ மூட்டுவலி. காலையிலிருந்து தைலம் காய்ச்சுகிறார்கள். அந்த மணம் சுவர் தாண்டி வந்ததும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. வராமலே இருந்திருக்கலாம். எனக்கு ஒரே அசதி.

பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைக்கிற தேங்காயை நாம் இரண்டு பேரும் விற்றோம். நாரைப் பிய்ப்பது உங்கள் வேலை. உங்கள் தம்பியை நான் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து, என் கைக்கு வேகம் போதாது என்று வாடிக்கைக்காரர் முன்னாலேயே சொல்லுவீர்கள். ஒன்றையும் நான் மறக்கவில்லை.

எமர்ஜென்சி வந்த வருஷம் உங்கள் கை நின்றது. விடிந்தால் விரல் மடங்காது. முட்டியெல்லாம் வீக்கம், அந்தியானால் காய்ச்சல்.

"ஏட்டி, தேங்காயப் பிடிக்க முடியல்லட்டி."

"நடிக்காதீங்க மதினி" என்றேன். பழையதற்கெல்லாம் பதில் சொல்லக் கிடைத்த நாள் அது.

வாதம் என்றார் வைத்தியர். தைலம் தேய்த்துத் தேய்த்து என் உள்ளங்கை வழுக்கியதுதான் மிச்சம். பிறகு இரண்டு டாக்டர்கள் பார்த்தார்கள். "வேற மருந்து வல்லதும் கழிக்குந்நுண்டோ?" என்று இரண்டு பேருமே மலையாளத்தில் கேட்டார்கள், வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று. இல்லை என்றோம். பொய்யில்லை. மருந்து என்றால் நோவுக்குச் சாப்பிட்டு நாலு நாளில் நிறுத்துவது. நீங்கள் தின்னும் பிரஷர் மாத்திரை நமக்குக் காலைக் கட்டன்சாயா மாதிரி. ஆறு வருஷம், ஒரு வேளை தவறாமல் நான்தான் எடுத்துத் தந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்தபோதும் நேரமாயிற்றே என்று முந்தி முடிச்சை அவிழ்த்தேன். அந்தச் சின்ன வயசு டாக்டரம்மா பார்த்துவிட்டாள்.

"அது எந்தா?"

"ஒண்ணுமில்ல டாக்டரே, பிரஷருக்குள்ளது."

"எத்தர கொல்லமா?"

"ஆறு வருஷமாச்சு."

"அப்போ அதும் மருந்துதானே அம்மா?"

நமக்கு விளங்கட்டும் என்று தமிழும் மலையாளமும் கலந்து சொன்னாள். இது வாதமில்லையாம். அந்தக் குளிகையை ரொம்ப நாள் தின்றால் சிலருக்கு உடம்பு தன்னையே கள்ளன் என்று நினைத்து அடிக்குமாம். அதை நிறுத்திப் பிரஷருக்கு வேறொன்று எழுதித் தந்தாள்.

பஸ்ஸில் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள்: "நீதானே தந்தே."

இரண்டு மாதத்தில் விரல் மடங்கியது. பழையபடி நார் பிய்த்தீர்கள், பழையபடி என்னை வைதீர்கள். புது மாத்திரையை மட்டும் தொடவில்லை. "எனக்கு இனி ஒரு குளிகையும் வேண்டாம்" என்று அரிசிப் பானைக்குப் பின்னால் தள்ளினீர்கள். பார்த்தேன். முன்பானால் வாயைப் பிளந்து போட்டிருப்பேன். நீதானே தந்தே என்ற சொல் குத்திக்கொண்டே இருந்தது. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் கடையிலேயே சரிந்தீர்கள். வாய் ஒரு பக்கம் கோணிப்போனது. பிரஷர் தலைக்கு ஏறிவிட்டது என்றார்கள். மூன்று நாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், பேச்சு வரவில்லை. நாலாம் நாள் போய்விட்டீர்கள்.

நீங்கள் சொன்னது தப்பு, மதினி. தெரியாமல் தந்தது என் குற்றமில்லை. அதை யார் முன்னாலும் சொல்வேன். தெரிந்தும் தராமல் இருந்தேனே, அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.